நாலாவது அக்கா

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
இருபது நிமிஷம் எதுவும் நகராது.
ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை விரித்து
பணியாளர் பட்டியலைத் திருத்துவது
அந்த நேரத்தில்தான்.

ஐந்து மையங்கள்.
அனுமதித்த ஆலோசகர்கள் பதினொன்று.
இருப்பவர்கள் ஆறு.
ஆறில் ஒருத்தி பேறுகால விடுப்பில்.
இன்னொருத்தி வினோலியா,
நேற்று மாலை ராஜினாமாக் கடிதத்தை
என் டிபன் டப்பாவுக்கு அடியில்
சொருகிவிட்டுப் போனவள்.

கையில் கொடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?
பதினெட்டாயிரம், பதினோரு மாத ஒப்பந்தம்.
பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று
எங்கள் காலண்டரில் கிடையாது.
சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி
ஊழியர்களின் மனக்கவலையைக் கேட்டுக்கொள்ள
நாற்பத்திரண்டு தருகிறதாம். போகட்டும்.
காசிமேட்டுக்காரி,
ஆறு மாசமாய் மீன் ஆய முடியவில்லை அவளால்.
"கத்திய எடுத்தா கை நடுங்குது மேடம்.
சும்மா சொல்றேன், எழுதிக்காதீங்க."
எழுதிக்கொள்ள அப்படி ஒரு கட்டமும்
படிவத்தில் இல்லை.

வியாசர்பாடி மையத்தில் அந்தப் பிள்ளைக்கு வயசு ஒன்பது.
முதல் அக்காவிடம் பாதி சொன்னான்.
ரெண்டாவது அக்காவிடம் மறுபடி அதே பாதி.
மூன்றாவதாக வந்த வினோலியாவோடு
ஏழு வாரம் வெறுமனே கேரம் ஆடினான்.
எட்டாவது வாரம்
ஸ்ட்ரைக்கரைக் கைக்குள் பொத்திக்கொண்டு
மீதியைச் சொன்னான்.
போகப்போவதை என்னிடம் சொல்லும் முன்
அவனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.
அவன் கேட்டது இவ்வளவுதான்:
"நாலாவது அக்கா வந்தா
முதல்லேர்ந்து சொல்லணுமா?"

ஒப்படைப்புக் குறிப்பு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு.
அதை நன்றாக எழுதுவதற்குப் பயிற்சியும் உண்டு.
போன மாதம் நடந்தது,
தண்டையார்பேட்டையில், ஏசி ஓடாத மண்டபத்தின் மாடியில்.
கீழே யாருக்கோ காதுகுத்து.

"கண்ணை மூடுங்கள்,
பாதுகாப்பான ஓர் இடம்,
அலைச் சத்தம் கேட்கிறதா?" என்றார் பயிற்சியாளர்.
"எங்க பக்கம் அது வீட்டுக்குள்ள வந்துட்டுப் போன சத்தம் சார்,"
திருவொற்றியூர் இருதயமேரி
கண்ணைத் திறந்தபடியே சொன்னாள்.
நல்ல மனுஷர். குறித்துக்கொண்டார்.

பிறகு ஜோடி ஜோடியாய் நடிக்க வேண்டும்,
ஒருவர் ஆலோசகர், ஒருவர் குழந்தை.
ஒரு ஆள் குறைந்தது.
எப்போதும் ஒரு ஆள் குறையும்.
சாப்பாட்டுப் பொட்டலம் இறக்கிக்கொண்டிருந்த
வேன் டிரைவர் தஸ்தகீரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

நாங்கள் குழந்தையானபோது
முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதோம்,
சினிமாவில் பார்த்த மாதிரி.
தஸ்தகீர் நாற்காலியை
வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டார்.
கேள்வி வர வர
சட்டைப் பொத்தான்களை எண்ணினார்.
முடிந்ததும் மறுபடி மேலிருந்து.
கடைசியில்,
"வண்டி எப்போ வரும்?"

மாடியில் பேச்சு நின்றது. கீழே நாயனம் மட்டும்.

"எங்கே பார்த்தீங்க இதை?"
"வண்டிக் கண்ணாடில சார்.
பின் சீட்ல அப்டித்தான் வருவாங்க.
மூலக்கொத்தளம் தாண்டுனா சில பேரு பேசுவாங்க.
நான் ரோட்டப் பாத்துனே இருப்பேன்.
திரும்புனா நிறுத்திடுவாங்க."

நாலு வருஷம், அதே ஒரு டிரைவர்.
எங்களில் யாரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை.
வருகைத் தாளில் அவர் பெயரை எழுதினேன்.
தலைமையகம் சிவப்பு மையில் அடித்து அனுப்பியது:
தகுதியற்ற பணியிடம்.
திரும்பவும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ரயில் போய்விட்டது. இன்னும் ஒன்று வருமாம்.
கடிதத்துக்குப் பின்னால் குண்டூசியில்
வினோலியாவின் ஒப்படைப்புக் குறிப்பு.
பயிற்சியில் சொன்ன பத்துத் தலைப்புகளும் இல்லை.

இவனிடம் மறுபடி கேட்க வேண்டாம்.
போர்டுக்குப் பவுடர் தீர்ந்துவிட்டது,
வியாழனுக்குள் வாங்கவும்.

வியாழன், வியாசர்பாடி:
ஆலோசகர், காலி.
அழைத்து வருபவர், தஸ்தகீர்.

கேட் தூக்குகிறார்கள். பின்னால் லாரிக்காரன் திட்டுகிறான்.
பவுடரை எந்தச் செலவுத் தலைப்பில் காட்டுவது
என்று தெரியவில்லை.